அப்பாவின் காதும் சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமை இரவும்

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு உணவகம். அப்பா தன் இரண்டு காது மெஷின்களையும் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்தார். எங்களுக்கு ஐந்தடி தள்ளி நான்கு பேர் பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார்கள். நன்றாகவே பாடினார்கள். அப்பாவுக்காகவே தேடித் தேடி நான் முன்பதிவு செய்த மேசை அது.

அப்பாவுக்கு 74 வயது. தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவர். பாட்டு என்றால் உயிர். மார்கழி வந்தால் அலுவலகத்திலிருந்து நேராகக் கச்சேரிக்குப் போய்விடுவார். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, அன்று கேட்டதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். அம்மா போன பிறகு அது குறைந்தது. காது மந்தமானதும் நின்றே போனது. இந்தப் பயணத்தில் ஒரு சாயங்காலமாவது அவருக்கு நல்ல சாப்பாடும் நேரடி இசையும் அமைய வேண்டும் என்று நினைத்தேன். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் இரட்டிப்பு சந்தோஷம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் தவறு.

காது மெஷின் வைத்திருப்பவரோடு பயணம் போகும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மெஷின், பாட்டை மட்டும் பெரிதாக்கித் தருவதில்லை. தட்டில் கரண்டி படுவது, நாற்காலி இழுபடுவது, பக்கத்து மேசைச் சிரிப்பு என எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். கண்ணாடிச் சுவரும் வழுவழுப்பான தரையும் உள்ள இடத்தில் சத்தம் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். அதோடு, சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதை எழுதி வைத்தார்; அவர் பெயரால் லொம்பார்ட் விளைவு என்றே சொல்கிறார்கள். குழு சத்தத்தைக் கூட்ட, மேசைகள் குரலைக் கூட்ட, அதற்கு மேல் குழு இன்னும் கூட்ட என்று ஒரு மணி நேரத்தில் அந்த அறை எங்கேயோ போய்விட்டது. நான் "நல்லா இருக்காப்பா?" என்று கத்தினேன். அப்பா என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்காக.

பில் வந்தபோது இன்னொரு பாடம். சிங்கப்பூர் உணவகங்களின் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அது கடைசி விலை இல்லை. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்கிறார்கள்) சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு கொடுக்க வேண்டும். சில இடங்களில், கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும்கூடப் பணம் உண்டு. வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். முகம் சுளிக்க மாட்டார்கள். சேவைக் கட்டணம் இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. இசை இருக்கும் இடம் என்றால், முன்பதிவின்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: குழு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் எந்தப் பக்கம், குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று ஏதாவது உண்டா. நான் மூன்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பிய பிறகு அப்பா மெஷினை மாட்டிக்கொண்டார். "பாட்டு நல்லாத்தான் இருந்திருக்கும்மா. ஆனா நம்ம சபாவுல கச்சேரிக்கு நடுவுல யாராவது உள்ளேயே இட்லி சாப்பிடுறாங்களா? எழுந்து கேண்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து உக்காருவோம். அதது அந்தந்த இடத்துல இருக்கணும்," என்றார். குறையாகச் சொல்லவில்லை, யோசனையாகச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலத்தை அந்த யோசனைப்படியே அமைத்தேன். முதலில் வயிறு, அப்புறம் நடை, அப்புறம் காது.

சாப்பாட்டுக்கு லாவ் பா சாட் என்ற உணவங்காடி நிலையம், அதாவது பல சின்ன உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். ராஃபிள்ஸ் பிளேஸ் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. சுற்றிலும் வானளாவிய வங்கிக் கட்டடங்கள். நடுவில் எட்டுப் பட்டையில் ஒரு பழைய சந்தை. வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே ஒரு மணிக்கூண்டு. இப்போது இருக்கும் கட்டடம் 1894-இல் எழுந்தது. ஹொக்கியன் என்ற சீன மொழியில் 'லாவ்' என்றால் பழைய, 'பா சாட்' என்பது மலாயின் 'பாசார்'. நாம் பஜார் என்கிறோமே, அதே பாரசீகச் சொல்தான். பழைய பஜார். அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயங்கள் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஐந்தே முக்காலுக்கே போய்விட்டோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 137 கிலோமீட்டர்தான். அதனால் வருடம் முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் இருட்டும். இருட்டிய பிறகு மேசை பிடிப்பது பெரும்பாடு. அங்கே மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். அது இடம் பிடித்திருப்பதற்கு அடையாளம். 'சோப்' செய்வது என்கிறார்கள். நம் பேருந்து சீட்டில் துண்டு போடுவது போலத்தான். டிஷ்யூ எப்படியும் வாங்கி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கடைகளில் தர மாட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்ற தட்டுக்கும் வைக்கும் இடம் வேறு வேறு. பலகையைப் பார்த்து வையுங்கள். வயதானவரோடு போனால், அவரை மேசையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வாங்கி வருவதே நல்லது. மேசையும் கையை விட்டுப் போகாது, அவர் காலுக்கும் ஓய்வு.

குடிக்க வாங்குவதில் ஒரு சின்னப் பரிபாஷை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுமனே 'தே' என்றால் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றிய டீ. 'கோப்பி' என்றால் அதேபோலக் காப்பி. 'ஓ' சேர்த்தால் பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. 'சி' சேர்த்தால் இனிப்பில்லாத சுண்டவைத்த பால். சர்க்கரை தனியாக விழும். 'கொசோங்' என்றால் மலாயில் வெறுமை, சர்க்கரை கிடையாது. 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவு. 'பெங்' என்றால் ஐஸ் போட்டது. ஆக, அப்பாவுக்கு 'தே சி கொசோங்'. நான் இதை நான்கு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கடையில் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம்.

அப்பா சனிக்கிழமை அசைவம் தொட மாட்டார். அவருக்கு உள்ளே இருந்த ஒரு இந்தியக் கடையில் தோசை கிடைத்தது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: சீனச் சைவக் கடைகள் அந்த ஊரில் நிறைய உண்டு. அங்கே இறைச்சி போலவே தெரியும் துண்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ செய்தவை. மற்ற கடைகளில்தான் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியல் போலத் தெரிவதிலும் காய்ந்த இறாலோ இறால் விழுதோ சேர்ந்திருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சந்தையை ஒட்டிய பூன் டாட் தெருவை மாலையானதும் வண்டிகள் போகாதபடி மூடிவிட்டு, வரிசையாகச் சாத்தே கடைகள் போடுகிறார்கள். இறைச்சியை மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்து ஊறவைத்து, குச்சியில் கோத்து, கரியில் வாட்டுவது. நான் நின்ற கடையில் ஒரு பெரியவர் எலுமிச்சைப் புல் தண்டின் அடியை நசுக்கித் தூரிகைபோல ஆக்கி, எண்ணெயில் தொட்டுத் தொட்டுக் குச்சிகளின்மேல் தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை தடவும்போதும் எண்ணெய் கரியில் சொட்டி, ஒரு நொடி தீ எழும்பி, அடங்கி, புகையாக மாறும். அந்தப் புகையில்தான் ருசி இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் பத்துக் குச்சிக்குக் குறைந்து தர மாட்டார்கள். கோழியும் ஆடும் கலந்து கேட்கலாம். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு, ஓலையில் பொதிந்து வேகவைத்த கெத்துபாட் சோறு, வெள்ளரி, பச்சை வெங்காயம். அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே என் தட்டைப் பார்த்தார். "வாசனை பிரமாதமா இருக்கு," என்றார். அதோடு விட்டுவிட்டார்.

ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். இசை கேட்கும் இடம் எஸ்பிளனேட். விரிகுடா ஓரத்தில், டுரியான் பழத்தின் முள்தோல் போல இரண்டு கூரைகளோடு நிற்கும் கலையரங்கம். 2002 அக்டோபரில் திறந்தது. இளவயதுக்காரருக்கு இருபது நிமிட நடை. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அது வீணான நேரம் இல்லை. சாப்பிட்ட உடனே உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் தூக்கம்தான் வரும். இந்த நடை அதைக் கலைத்தது.

வழியில் ஃபுல்லர்டன் கட்டடம். இன்று ஆடம்பர ஹோட்டல். 1928-இல் அது கட்டப்பட்டபோது சிங்கப்பூரின் பொதுத் தபால் நிலையம் அதற்குள்தான் இருந்தது. இதை நான் சொன்னதும் அப்பா நின்றுவிட்டார். உயரமான தூண்களை அண்ணாந்து பார்த்தார். "நம்ம ஆளுங்க இங்கேருந்து ஊருக்கு மணியார்டர் போட்டிருப்பாங்க. அதுல எத்தனை எங்க தாத்தா காலத்து போஸ்ட்மேன் கையால பட்டுவாடா ஆச்சோ," என்றார். அதை ஏதோ தன் சொந்தக் கிளை அலுவலகம் போலச் சுற்றி வந்து பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பயண நாளில் ஒரு சாயங்காலத்தையாவது அடுத்தடுத்து இடங்களால் நிரப்பாமல் இப்படி விட்டு வைக்க வேண்டும். அன்று விட்டு வைத்திருந்ததால்தான் இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைக்குப் பக்கத்திலிருந்து ஜூபிலி பாலம் தொடங்குகிறது. 2015-இல் திறந்த, நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம். சுமார் 220 மீட்டர். படிகள் கிடையாது, அகலமாக இருக்கும், சக்கர நாற்காலியும் போகலாம். முட்டிவலிக்காரர்களோடு போகிறவர்கள் இந்த வழியையே எடுங்கள்.

எஸ்பிளனேடில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய அரங்குகள் உண்டு. இசைக் கூடத்தில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். ஆனால் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளில் சுமார் 70 விழுக்காடு இலவசம் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு திறந்தவெளி மேடை இருக்கிறது. வார இறுதி இரவுகளில் அங்கே போனால் பெரும்பாலும் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய இணையதளத்தில் அன்றைய நிகழ்ச்சி, நேரம் எல்லாம் இருக்கும். தமிழர்களுக்கு ஒரு கூடுதல் சேதி: ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழாவும் அங்கேயே நடக்கிறது. உள்ளரங்க நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தால், கூடவே ஒரு சால்வை எடுத்துப் போங்கள். வெளியே வியர்த்து ஊற்றும், உள்ளே ஏசி நடுக்கும்.

திறந்தவெளி மேடையில் எங்கே உட்காருவது என்பதில்தான் அன்று நான் அதிகம் மெனக்கெட்டேன். முன்வரிசை காலியாக இருந்தது. அப்பா அங்கே போகப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்து, அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகி, நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தோம். கூரையும் சுவரும் நெருக்காத இடத்தில் சத்தம் திரும்பி வந்து மோதுவதில்லை. அப்பா மெஷினின் சத்தத்தை ஒரு படி குறைத்தார். காத்திருந்தார். முதல் வயலின் இழுப்பு வந்தபோது அவர் கை பைப்பக்கம் போகவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று வாசித்தது ஒரு மலாய்க் குழு. வயலின், அக்கார்டியன், ரெபானா என்ற ஒருமுகப் பறை, கோங் என்ற தொங்கவிட்ட உலோகத் தட்டு, ஒரு பாடகி. மெதுவாகப் போகும் 'அஸ்லி' வகைப் பாட்டு. அப்பா இரண்டு நிமிடம் சும்மா கேட்டார். அப்புறம் வலது கை தொடைக்கு வந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கை ஓடியது. பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கையை அப்படிப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்தார். "எட்டும்மா. நம்ம ஆதி தாளம் மாதிரி எட்டு எண்ணிக்கை. ஆனா அந்தக் கோங் இருக்கே, அது எட்டாவதுல விழுது. நாம முதல் அடியில இறங்குவோம், இவங்க கடைசி அடியில முடிச்சுப் போடுறாங்க." அடுத்த சுற்றில் நானும் எண்ணினேன். ஏழு வரை வயலின் அலைந்து திரிந்தது. எட்டில் கோங், நீருக்குள் கல் விழுவது போல. அதற்கப்புறம் எனக்கு அந்தப் பாட்டு வேறாகக் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். எழுபதைத் தாண்டிய சிங்கப்பூர்த் தமிழர். "ஐயா தாளம் போடுறதப் பாத்தேன். எந்த ஊரு?" என்று ஆரம்பித்தவர், பாட்டுக்கு நடுவே பேசாமல், ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டும் நேரத்தில் மட்டும் பேசினார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பாடகி ஒரு சொல்லை நெளித்து நெளித்துப் பாடுகிறாரே, அதற்கு 'கிரெனேக்' என்று பெயர் என்றார் அவர். "நம்ம கமகம்," என்றார் அப்பா. அஸ்லி என்றால் அசலானது என்று பொருள். நம் 'அசல்' வந்த அதே அரபுச் சொல்லின் வழி. பி. ராம்லியைப் பற்றியும் பேச்சு வந்தது. 1973-இல் மறைந்த, மலாய் உலகம் இன்றும் கொண்டாடும் அந்தப் பாடகர்-நடிகரை 1950-இல் முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற இயக்குநர். "அந்தக் காலத்து மலாய் சினிமாவுல நம்ம ஆளுங்க கைதான் ஐயா," என்றார் அங்கிள். நான் போய் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வருவதற்குள் இருவரும் பழைய சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள்.

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே தூறல் விழுந்தது. வெப்பமண்டல ஊரில் குடை இல்லாமல் வெளியே போவதே தவறு. ஆனால் காது மெஷினுக்கு மழையைவிட வியர்வையும் ஈரக்காற்றும்தான் பெரிய எதிரி. நாள் முடிவில் துடைத்து, ஈரம் உறிஞ்சும் ஜெல் போட்ட சின்ன டப்பாவில் இரவு முழுக்க வைக்க வேண்டும். பட்டன் பேட்டரி வகை என்றால் உபரி பேட்டரி கையோடு இருக்கட்டும். அப்பாவுக்குச் சரியாக இரண்டாவது அமர்வின் நடுவில் இடது மெஷின் 'பீப்' அடித்தது. என் கைப்பையில் பேட்டரி இருந்ததால் ஒரு பாட்டுகூடத் தவறவில்லை. இன்னொன்று, ஊர் திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரும்பாலான மெஷின்கள் பேச்சுக்காகச் சீர் செய்யப்பட்டவை. இசையில் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையை அவை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு முன்பே கேளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அங்கிள் எங்களோடு எஸ்பிளனேட் நிலையம் வரை வந்தார். கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 500 வெள்ளி வரை அபராதம். பெட்டியில் தமிழில் அறிவிப்பு வந்தபோது அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு நாளாக அதே ரயிலில்தான் போய்க்கொண்டிருந்தோம். "இவ்வளவு நாளா இது தமிழ்ல சொல்லிச்சா?" என்று கேட்டார்.

அறைக்கு வந்து மெஷின்களைத் துடைத்து டப்பாவில் போட்டார். மூடியைத் திருகியபடியே கேட்டார்.

"நாளைக்கும் அங்கே பாட்டு உண்டா?"

உண்டு என்று தலையாட்டினேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. அந்தக் குச்சியில வாட்டுறாங்களே, அது எனக்கும் ஒரு பத்து சொல்லிடு."